போதைப்பொருள் சோதனைப் படிவம்: தாளில் நிரப்புவதா, திரையில் நிரப்புவதா?

மாதிரியில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். அது யாருடைய மாதிரி என்பதற்குப் படிவம்தான் சாட்சி. ஒரு லாரி ஓட்டுநரின் பிழைப்பு அந்தச் சாட்சியை நம்பி இருக்கிறது. அதனால்தான் இதை வெறும் எழுத்து வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கு உட்பட்ட சோதனைகளில் இந்தப் படிவத்தை நிரப்ப இப்போது மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஐந்து நகல்கள் கொண்ட பழைய தாள் படிவம். இரண்டாவது, கணினியில் விவரங்களை ஏற்றி, அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திடும் கலப்பு முறை. மூன்றாவது, 2015 முதல் அந்தத் துறை அனுமதித்திருக்கும், கையெழுத்து உட்பட எல்லாமே திரையில் முடியும் மின்னணுப் படிவம்.

தாளின் பெரிய பலம், அதன் அமைப்பே வேலையைக் கற்றுக்கொடுப்பதுதான். முதல் நகல் ஆய்வகத்துக்கு, இரண்டாவது மருத்துவ மறுஆய்வு அலுவலருக்கு (ஆய்வக முடிவை ஊழியரிடம் பேசிப் பரிசீலிக்கும் மருத்துவர்), மூன்றாவது மாதிரியைச் சேகரிப்பவருக்கு, நான்காவது நிறுவனத்துக்கு, ஐந்தாவது மாதிரி கொடுத்தவருக்கு. ஊழியர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்திடும் பகுதி முதல் நகலில் கிடையாது. முதல் தாளைத் தூக்கிவிட்டு இரண்டாவதில்தான் எழுத வேண்டும். ஆய்வகத்துக்குப் பெயர் தெரியக்கூடாது என்ற விதியைத் தாளே காவல் காக்கிறது.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பேனாவை அழுத்தி எழுதாவிட்டால் நான்காவது, ஐந்தாவது நகல்களில் வெறும் நிழல்தான் விழும். இரண்டாவது நகலில் ஊழியர் கிறுக்கலாக எழுதி, மறுஆய்வு அலுவலர் அவரை அழைக்க வேண்டிய எண்ணில் ஒன்றா ஏழா என்று தெரியாமல் போனால், தன் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி விளக்கும் வாய்ப்பே ஊழியருக்குத் தள்ளிப்போகும். இது சிறிய குறை அல்ல.

விடுபடுதல்தான் தாளின் அடுத்த நோய். தேதி, நேரம், வெப்பநிலைக் கட்டம், சேகரிப்பவர் கையெழுத்து என்று எதையும் வெறுமையாக விட்டுவிட்டு மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட முடியும். கையெழுத்து மட்டும் விடுபட்டால், தகவல் வந்த அதே வேலை நாளில் சேகரிப்பவர் எழுத்துமூலம் விளக்கம் அனுப்பிச் சரிசெய்யலாம். ஆனால் கையெழுத்தும் அச்செழுத்தில் பெயரும் இரண்டுமே இல்லையென்றால் சோதனையே ரத்து. பாட்டிலில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டாலும், ஒரே படிவத்தில் இரண்டு மாதிரிகள் எடுக்கப்பட்டிருந்தாலும் அப்படியே.

திரை இந்த நோய்க்கு நல்ல மருந்து. நிரப்பாத கட்டம் இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. எழுத்து தெளிவாக இருக்கும். நகல்கள் உரியவர்களுக்கு உடனே போய்ச் சேரும். தாள் முறையில் இரண்டாவது, நான்காவது நகல்களை 24 மணி நேரத்துக்குள்ளோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ அனுப்பும் பொறுப்பு சேகரிப்பவர் தலையில் விழுகிறது. திரையில் அந்தக் கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் திரையை ஆதரிப்பவர்கள் அதிகம் பேசாத ஓர் ஆபத்து உண்டு. வெறுமையாக விட்ட கட்டம் நேர்மையானது; ஆய்வகத்தில் யாராவது அதைப் பார்த்துக் கேட்பார்கள். கட்டாயக் கட்டத்தைக் கடந்து போவதற்காகத் தட்டிய பொய்யான ‘ஆம்’ யார் கண்ணிலும் படாது. சிறுநீர் மாதிரியின் வெப்பநிலையை, கோப்பை கைக்கு வந்த நான்கு நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். அது 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கணினி திறக்கும் வரை காத்திருந்து, ஆறாவது நிமிடத்தில் ‘ஆம்’ என்று தட்டினால் திரைக்கு என்ன தெரியும்?

கையெழுத்திட மறுக்கும் ஊழியர் விஷயமும் இப்படித்தான். அந்த மறுப்பு மட்டுமே சோதனைக்கு மறுத்ததாகக் கணக்கில் வராது. குறிப்புப் பகுதியில் அதை எழுதிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். திரை கையெழுத்தைக் கேட்டு நிற்கிறதே என்று வேறு யாரும் அங்கே கிறுக்கிவிடக் கூடாது.

எந்த முறையானாலும் மாறாத ஓரிடம் சீல், அதாவது படிவத்தோடு வரும், பாட்டிலில் ஒட்டும் சீட்டு. குறைந்தது 45 மில்லிலிட்டர் மாதிரி. அதில் 30 ஒரு பாட்டிலில், 15 மற்றொன்றில். மூடியை இறுக்கிய பிறகு பாட்டிலின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். ஈரத்தில் சீல் சரியாக ஒட்டாது. ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியின் மேலிருந்து இரு பக்கமும் இறங்குமாறு சீலை ஒட்டி, அதில் தேதி எழுத வேண்டும். அதன் பிறகுதான் அவர் தன் பெயரின் முதலெழுத்துகளை அந்தச் சீலில் இட வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று சீல் படிவத்தில் இருக்கும்போதே அவரை எழுதச் சொல்லும் பழக்கம் பலரிடம் உண்டு. எழுதியவர் தன் பாட்டில் மூடப்பட்டதைப் பார்த்தாரா என்ற கேள்விக்கு அப்போது பதில் இருக்காது. இந்தப் பழக்கத்தைத் திரையாலும் திருத்த முடியாது.

கலப்பு முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்துத் தெளிவு கிடைக்கும். ஆனால் கையெழுத்து விடுபடும் அபாயம் தாளில் இருப்பது போலவே இருக்கும். முழு மின்னணு முறைக்கு மாறும் வரை ஒரு பாலமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

என் தேர்வு முழு மின்னணுப் படிவம். விடுபடுதலும் மங்கிய எழுத்தும் அன்றாடம் நடப்பவை. அவற்றைத் திரை தடுக்கிறது. பொய்யான ‘ஆம்’ என்பதைப் பயிற்சியால் தடுக்கலாம். சேகரிப்பவரின் பிழையால் சோதனை ரத்தானால், தகவல் வந்த 30 நாட்களுக்குள் அவர் திருத்தப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்தப் பயிற்சியில் மூன்று ஒத்திகைச் சேகரிப்புகளைப் பிழையின்றிச் செய்து காட்ட வேண்டும்.

நாள் முழுவதும் திரையில் வேலை செய்பவர்கள் அந்த மூன்றில் ஒன்றையாவது தாளில் செய்து பார்க்கட்டும். இணையம் அறுந்த நாளில் இழுப்பறையிலிருந்து எடுக்கப்போவது அந்த ஐந்து நகல் படிவத்தைத்தான். அதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்: 2020இல் திருத்தப்பட்ட படிவம் 2021 ஆகஸ்ட் 30 முதல் கட்டாயம். அதற்கு முந்தைய கட்டு இருந்தால், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.