நாங்களே சால்டர் செய்த டிஜிட்டல் கடிகாரம்: இந்த கிட் வாங்கலாமா?

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காகத்தான் இந்த நாலு இலக்க எல்இடி கடிகார கிட்டை வாங்கினேன். பாகங்களை போர்டில் சால்டர் செய்து, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டி, இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து முடித்தோம். மூன்று வாரமாக அவள் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மணி பார்க்க மட்டும்தான் என்றால் வேண்டாம்.

பொட்டலத்தில் எதுவும் குறையவில்லை. போர்டில் எந்தப் பாகம் எங்கே என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். கடிகாரத்தை இயக்கும், 20 கால் உள்ள ஏடி89சி2051 சிப்புக்கு தனி சாக்கெட் கொடுத்திருப்பது நல்ல விஷயம். சாக்கெட்டை சால்டர் செய்துவிட்டு கடைசியில் சிப்பைச் செருகினால் போதும், சிப்பில் சூடு படாது.

வழிகாட்டித் தாள்தான் மோசம். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்களின் அளவை அவற்றின் மேலுள்ள வண்ண வளையங்களை வைத்துத்தான் படிக்க வேண்டும். இவை ஐந்து வளையம் போட்டவை, இரண்டு ஓரத்திலும் பழுப்பு. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தாளில் ஒரு வரி இல்லை. 10 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. அதையே தலைகீழாகப் படித்தால் 120 ஓம் ஆகிவிடும். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்துதான் வைத்தோம். மீட்டர் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

யுஎஸ்பி வயரைச் செருகியதும் 12:59 காட்ட வேண்டும். எரிந்தது, ஆனால் 1 மட்டும்தான் முழுசாக இருந்தது. "மாமா, 2, 5, 9 மூணுலயும் நடுக்கோடு இல்ல" என்றாள். டிஸ்ப்ளே பழுது என்று நான் முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும். நாலு இலக்கம் இருந்தும் இந்த டிஸ்ப்ளேக்கு 12 கால்கள்தான். நாலு நடுக்கோட்டுக்கும் ஒரே கால்; எந்த இலக்கம் எரிய வேண்டும் என்பதைச் சொல்ல இலக்கத்துக்கு ஒன்றாக நாலு கால். சிப் ஒரு நேரத்தில் ஒரு இலக்கத்தை மட்டும் எரியவிட்டு வேகமாக மாற்றிக்கொண்டே போகிறது. நம் கண்ணுக்கு நாலும் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. ஆக, ஒரு இலக்கமே இருண்டிருந்தால் அந்த இலக்கத்தின் காலைப் பார்க்க வேண்டும்; எல்லா இலக்கத்திலும் ஒரே கோடு இல்லையென்றால் அந்தக் கோட்டின் காலை.

வயரைக் கழற்றி, போர்டைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். மற்ற கால்களில் ஈயம் பளபளப்பாக, கூம்பு மாதிரி வழிந்து பிடித்திருந்தது. நடுக்கோட்டின் காலில் மட்டும் மங்கிப்போய், உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தது. சால்டரிங் அயர்ன் முனை காலையும் போர்டையும் சேர்த்துத் தொடுகிற மாதிரி இரண்டு நொடி வைத்து, துளி ஈயம் கொடுத்தேன். மறுபடி செருகினோம். 12:59, முழுசாக. அப்புறம் அவள் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்து, இலக்கங்கள் ஒவ்வொன்றாக அணைந்து எரிவதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். கிட்டுக்குக் கொடுத்த காசு எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

இப்போது குறை. நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் முறை துடிக்கும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்பை சிப் 12-ஆல் வகுத்து, நொடிக்கு 10 லட்சம் என்று எண்ணி மணியைக் கணக்கிடுகிறது. கணக்கு சுத்தம்தான், ஆனால் கிரிஸ்டல் அவ்வளவு துல்லியம் இல்லை. வாரத்துக்கு 20 நொடி முந்துகிறது. அதைவிட எரிச்சல், பேட்டரி கிடையாது. வயர் ஒரு முறை கழன்றால் மறுபடி 12:59. இரண்டே பட்டனில் மணியைத் திருத்துவது பொறுமையைச் சோதிக்கிற வேலை.

மணி சரியாக இருந்தே ஆக வேண்டும் என்றால் டிஎஸ்3231 சிப்பும் பட்டன் பேட்டரியும் உள்ள கிட்டைப் பாருங்கள். அந்தச் சிப் வெப்பநிலைக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆண்டுக்கே ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் பிசகும். நாங்கள் அடுத்து வாங்கப்போவது அதுதான். அதில் டிஸ்ப்ளேயை அவளே சால்டர் செய்வாளாம், இப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.