விரிசல் விட்ட இன்டேக் மேனிஃபோல்டு: வெல்டிங்கா, உக்கடமா, புதுசா?

நீலகிரியில் ஓடும் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் எதுவானாலும், "ஐடிலிங் நிக்கல, எங்கயோ ஏர் இழுக்குது" என்று மெக்கானிக் சொன்னால் பேச்சு சீக்கிரமே இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சின் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிக்கு வந்துவிடும். அப்புறம் மூன்று யோசனை வரும்: ஆர்கான் வெல்டிங் அடிப்பது, பழைய பாகக் கடைகள் உள்ள கோவை உக்கடத்தில் பழசு தேடுவது, புதுசு வாங்குவது. விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். உண்மையில் விரிசல் எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால், கோளாறு மேனிஃபோல்டில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். மேனிஃபோல்டுக்குள் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தை (வாக்குவம்) அளக்கும் வாக்குவம் கேஜ் மாட்டுபவர்கள் மலையில் ஏமாறுவது இங்கேதான். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். 1,000 அடி ஏறினால் சுமார் 1 அங்குலம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே அதே எஞ்சின் 11 முதல் 14 அங்குலம்தான் காட்டும். சமவெளிக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் நல்ல மேனிஃபோல்டையும் கழற்றிவிடுவோம். அதே ஊரில் சரியாக ஓடும் அதே மாடல் வண்டியில் கேஜை மாட்டி ஒப்பிடுவதே நம்பகமான வழி.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு சிக்கல். சமவெளிக்கு செட் செய்த கார்புரேட்டர், காற்று மெலிந்த ஊட்டியில் பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும். லீக் வழியே நுழையும் காற்று அதைச் சரிக்கட்டிவிடுவதால் சின்ன விரிசல் மலையில் தெரியாது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் வண்டி சிக்னலில் அணையும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியிலோ ஐடிலிங் தானாக ஏறும், அல்லது ஏறி ஏறி இறங்கும்.

தேடும்போது செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஓடும்போது வாக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடியுங்கள். எதைப் பிடித்ததும் ஐடிலிங் மாறிச் சீராகிறதோ, அந்த ஹோஸோ அதன் மறுமுனையோதான் கோளாறு. வாக்குவத்தால் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸைப் பிடித்ததும் சரியானால், அதனுள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரத்தையும் சந்தேகிக்கலாம். ஹோஸ்கள் சரி என்றால், ஃபிளாஞ்ச் (மேனிஃபோல்டு எஞ்சினோடு ஒட்டும் தட்டை முகம்) ஓரமாகவும் கார்புரேட்டர் அடியிலும் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே செய்து, எங்கே பட்டதும் ஐடிலிங் மாறுகிறது என்று பாருங்கள். அதற்குப் பதிலாக, எளிதில் தீப்பிடிக்கும் கார்ப் கிளீனரை அடிப்பவர்கள் உண்டு. சைலன்சர் பக்கம் சூடாக இருக்கும்போது அது தீயோடு விளையாட்டு. புகை விட்டுப் பார்க்கும் கருவி கிடைத்தால் இவை எதுவுமே வேண்டாம்.

பாதிக்கு மேல், ஃபிளாஞ்சுக்கு நடுவே வைக்கும் பேக்கிங்கை (கேஸ்கெட்) மாற்றுவதிலேயே முடிந்துவிடும். பேக்கிங் புதிதாக இருந்தும் இழுக்கிறதென்றால், கழற்றிய ஃபிளாஞ்சின் மேல் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து 0.1 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, பேஸிங் போட (மெஷினில் சீவி மட்டமாக்க) வேண்டும். அங்கே சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கி அடைப்பதுதான் மிக மோசமான வழி. பெட்ரோல் ஆவி பட்டு ஊறி உரிந்து உள்ளே போகும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கலாம்.

இனி மூன்று வழிகள். போல்ட் காது உடைந்திருந்தால், அல்லது அலுமினியக் குழாயின் வெளிப்பக்கம் கீறல் விட்டிருந்தால், ஆர்கான் வெல்டிங்கை முதலிடத்தில் வைக்கலாம். கீறலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, கீறலை 'வி' வடிவில் சீவி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவிய பிறகே வெல்டிங். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளையும் என்பதால் பேஸிங் கட்டாயம். அது இல்லாமல் திரும்பி வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வண்டியைக் கீழே கொண்டுபோக வேண்டியதில்லை, பாகத்தைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போகலாம். அதுவரை எஞ்சின் ஹெட்டில் மேனிஃபோல்டு மாட்டும் வாய்களைத் துணி அடைத்து டேப் ஒட்டி வையுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் மேனிஃபோல்டு செலவெல்லாம் சில்லறைக் காசாகிவிடும்.

சில மேனிஃபோல்டுகளுக்குள் கூலன்ட் ஓடும் பாதையும் உண்டு; அதில் ஓட்டை என்றால் வெல்டிங் வேண்டாம். அரித்துப்போன அலுமினியத்தில் ஒரு இடத்தை அடைத்தால் பக்கத்தில் கசியும். கசிவு உள்பக்கமானால் தண்ணீர் சிலிண்டருக்கே போகும். அங்கே உக்கடமோ புதுசோதான்.

உக்கடத்துப் பழசில் கவனிக்க வேண்டியதும் அதே பாதைதான். கூலன்டே ஊற்றாமல் போர் தண்ணீரில் ஓடிய வண்டியின் மேனிஃபோல்டு வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வெள்ளைப் பொடியும் குழியுமாக இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டீல் ஸ்கேலையும் உங்கள் பேக்கிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். துளைகள் பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்க்கலாம். கார்புரேட்டர் மேனிஃபோல்டும் எம்.பி.எஃப்.ஐ. மேனிஃபோல்டும் ஒன்றுக்கொன்று மாறாது. கூலன்ட் பாதையின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் 1 பார் காற்றுக் கொடுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழி வராவிட்டால் மட்டும் பணம் கொடுங்கள்.

புதுசு நல்லதுதான், கிடைத்தால். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உள்ள பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் புதுசு தவிர வேறு யோசனை வேண்டாம். அந்த நைலான் பிளாஸ்டிக்கில் எபாக்சி பசை நிலைத்துப் பிடிக்காது, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பிரிந்துவிடும்.

மாட்டும்போது புது பேக்கிங், நடுவிலிருந்து ஓரமாக இரண்டு சுற்றில் இறுக்கம். எம்8 நட்டுக்கு மேனுவல் சொல்லும் அளவு பெரும்பாலும் 20–25 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள், தலைக்குந்தாவில் டிசம்பர் உறைபனிக்கு வெறும் தண்ணீர் தாங்காது. பூஸ்டருக்குச் சாதா பெட்ரோல் டியூப் போடாதீர்கள், உறிஞ்சும் வேகத்தில் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். வாக்குவம் ஹோஸ்தான் வேண்டும். பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வான செக் வால்வை ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து மேனிஃபோல்டு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

சோதனையை ஏற்றத்தில் பிக்கப் பார்த்து முடித்துவிடாதீர்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியே மேனிஃபோல்டு வாக்குவத்தில் இருக்கிறது, மலையில் அது ஏற்கெனவே குறைவு. எஞ்சினை அணைத்து பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். பெடல் இறங்காவிட்டால் குன்னூர் மலைப்பாதையிலோ கல்லட்டியிலோ வண்டியை இறக்காதீர்கள். பெடல் இறங்கினால், வண்டியை இரண்டாவது கியரில் கொஞ்ச தூரம் இறக்கிப் பார்த்து, எஞ்சின் நன்றாக ஆறியதும் நட்டுகளுக்கு இன்னொரு முறை ஸ்பானர் வையுங்கள். புது பேக்கிங் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.