கழற்றி மாட்டும் டம்பெல்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

டம்பெல் செட் வாங்கும்போது மொத்தம் எத்தனை கிலோ என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள ஆகச் சிறிய பிளேட்டை. பல செட்டுகளில் அது 1.25 கிலோ. இரண்டு முனையிலும் மாட்டியாக வேண்டும் என்பதால் ஒரே தாவலில் 2.5 கிலோ ஏறிவிடும்.

இரண்டு கையாலும் தூக்கும் நீளக் கம்பியான பார்பெல்லில், படுத்தபடி 60 கிலோ பெஞ்ச் பிரஸ் செய்பவருக்கு 2.5 கிலோ என்பது 4 சதவீதம், சமாளித்துவிடலாம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸில் 5 கிலோவிலிருந்து 7.5க்குப் போவது 50 சதவீதம். இடுப்பை ஆட்டித்தான் கை மேலே வரும். ரெப், அதாவது எத்தனை முறை தூக்கினோம் என்ற கணக்கு ஏறும், தோளுக்கு வேலை இருக்காது. அரை கிலோ பிளேட் நான்கு தனியாக வாங்கிக்கொண்டால் டம்பெல்லுக்கு ஒரு கிலோவாக ஏற்றலாம். இந்தச் செட்டுக்குச் செய்யும் செலவில் உருப்படியானது அதுதான்.

தொடக்க எடை: 10 ரெப் முடிக்கையில் இன்னும் இரண்டு செய்யத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இலக்கு 8 முதல் 12 ரெப், மூன்று செட், அதாவது இடைவெளி விட்டு மூன்று சுற்று. மூன்றிலும் 12 சுத்தமாக வந்த பிறகே எடை ஏறட்டும். முதல் செட்டில் 12 வந்து கடைசியில் 9க்கு விழுந்தால் அதே எடைதான். ஏற்றியதும் ரெப் 8, 9க்கு இறங்குவது இயல்பு. 5க்கு விழுந்தால் தாவல் பெரிது. பழைய எடையிலேயே 15 ரெப் வரை போய்விட்டு வரலாம்.

கணக்கில் பிளேட் மாட்டும் ராடை விட்டுவிடுபவர்கள் அதிகம். பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் நட்டுகளோடு சேர்த்து அதுவே சுமார் 2 கிலோ வரும். பிளேட்டில் பொறித்த எடையையும் அப்படியே நம்ப வேண்டாம். தராசில் வைத்து, நெருங்கி வருவதை ஜோடி சேர்த்து, பெயின்ட்டால் குறித்துவிட்டால் ஒரு பக்கம் சாயாது.

தொல்லை தருவது நட்டுதான். முழங்கையை மடக்கித் தூக்கும்போது மணிக்கட்டைத் திருப்பிச் செய்யும் கர்லில் மெல்லக் கழன்று, பிளேட் ‘டக் டக்’ என்று ஆடத் தொடங்கும். ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் காய்ந்து வெடிக்கும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, வளையத்தை மாற்றத்தான் வேண்டும். மரையில் சேரும் தூசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும். எண்ணெய் விட்டால் நட்டு இன்னும் சீக்கிரம் கழலும்.

எடை கூடக்கூட ராடின் நீட்டிய முனை தொடையில் குத்தும். அடுத்தடுத்து எடை குறைக்கும் டிராப் செட்டுக்கும் இது தோதுப்படாது. நட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் தசை ஆறிவிடும்.