ஜெனரேற்றரை லைனோடு சேர்க்கும் டீப் சீ 8620: ஐஸ் தொழிற்சாலையில் போட்டுப் பார்த்தது

திருகோணமலை கொட்பே பக்கம் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் கரண்ட் வேலை முழுக்க என் பொறுப்பு. எங்களுக்குப் பெரிய தொல்லை கரண்ட் திரும்பி வரும்போதுதான். பழைய சேஞ்ச் ஓவர் ஜெனரேற்றரைக் கழற்றிவிட்டுத்தான் மின்சார சபை லைனுக்கு மாறும். அந்தச் சின்ன இடைவெளியில் அமோனியா கொம்பிரசர்கள் நின்றுவிடும். படகுக்காரர் ஐஸுக்குக் காத்து நிற்க, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பவேண்டும்.

இப்போது டீப் சீ 8620 கொன்றோலர் போட்டிருக்கிறோம். லைன் வந்ததும் ஜெனரேற்றரின் வோல்ற்றேஜ், பிறிகுவன்சி, பேஸ் கோணம் (இரண்டு பக்க அலையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறதா என்பது) மூன்றையும் லைனோடு நேர்ப்படுத்தி, பிறேக்கரைப் போட்டு, சுமையை மெல்ல மெல்ல மாற்றியபிறகே ஜெனரேற்றரைக் கழற்றுகிறது. கொம்பிரசரின் சத்தம்கூட மாறுவதில்லை. அருமையான சாமான்.

ஆனால் நான் கூடப் பாராட்டுவது பொருத்த வந்த பாஸை. கொன்றோலர் தனக்கு வரும் வயரை மட்டும்தான் நம்பும். வயர் மாறிக் கிடந்தால், எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டே பிழையான நேரத்தில் பிறேக்கரைப் போட்டுவிடும். எஞ்சினையும் அல்டர்னேற்றரையும் இணைக்கும் கப்ளிங் முறியும், அல்டர்னேற்றர் சுருளும் போகலாம். அதனால் அவர் பிறேக்கர் மூடாதபடி வயரைக் கழற்றிவைத்துவிட்டு, ஒரே பேஸின் லைன் பக்கத்திலும் ஜெனரேற்றர் பக்கத்திலும் மீற்றரை வைத்தார். இலக்கம் ஏறி 460 வோல்ற் மட்டும் போனது, பிறகு இறங்கிப் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தது. பிறிகுவன்சி வித்தியாசம் 0.1 ஹேர்ட்ஸ் என்றால் இப்படி ஒரு சுற்றுக்கு 10 செக்கன். கொன்றோலர் ‘சேர்க்கலாம்’ என்கிற நேரத்தில் மூன்று பேஸிலும் மீற்றர் பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டும். 400 காட்டினால் பேஸ் மாறியிருக்கிறது. இதைப் பார்த்து முடித்தபிறகுதான் கழற்றிய வயரைத் திரும்ப மாட்டினார். நீங்களும் கேட்டுச் செய்வியுங்கள்.

செலவு கூடத்தான். இரண்டு பக்கமும் மோட்டர் வைத்த பிறேக்கர் வேண்டும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பழைய மெக்கானிக்கல் கவர்னர் என்றால் அதற்கும் தனியாக வேலை இருக்கிறது.

முதலில் விலை கேட்ட வேறோர் இடத்தில் லைனோடு சேர்ப்பதற்கான மின்சார சபை அனுமதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அப்படிச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். லைன் போனதும் ஜெனரேற்றரைப் பிரித்துவிடும் பாதுகாப்பு சரியாக இல்லாவிட்டால், செத்த லைன் என்று நினைத்துக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு எங்கள் ஜெனரேற்றர் கரண்ட் அடிக்கும்.