கூபேயின் கூரையைத் திறக்க நான்கு வழிகள்: எது எந்தக் காருக்கு?

கூபே என்பது நிலையான கூரை கொண்ட இரு கதவுக் கார். 1998-இல் பிஎம்டபிள்யூ, இசட்3 ரோட்ஸ்டர் என்ற தன் திறந்த காருக்கு நிரந்தரக் கூரை பொருத்தி இசட்3 கூபே என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. திறந்த காரின் உடல் விறைப்பு போதவில்லை என்று நினைத்த பொறியாளர்கள் கேட்டு வாங்கிய கூரை அது. கூரை ஏறியதும் உடலின் முறுக்கு விறைப்பு, அதாவது திருகலை எதிர்க்கும் வலு, ஏறத்தாழ 2.7 மடங்கானது. கூபேயின் கூரையை அறுத்து, மடிக்கும் கூரை கொண்ட கன்வெர்ட்டிபிள் ஆக்க நினைப்பவர் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பாதகம் உண்டு. இசட்3 ரோட்ஸ்டர் திறந்த காராகவே வடிவமைக்கப்பட்டது. அதன் தரைப்பகுதி கூரை இல்லாமல் நிற்கத் தயாராக இருந்தது. கூபேயாகவே பிறந்த காரின் தரைப்பகுதியோ கூரையை நம்பி வரையப்பட்டது.

தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகினால் எளிதில் நெளியும். மேலுறைக்குள் தள்ளிவிட்டுத் திருகினால் அவ்வளவு எளிதில் அசையாது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத, உடலே சட்டமாக இருக்கும் மோனோகாக் காரிலும் இதுதான் கதை. ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது வரும் முறுக்கைத் தரை, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள், கூரை எல்லாம் சேர்ந்து தாங்குகின்றன. கூரை போனால் அந்தச் சுமை முழுவதும் தரைக்கும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்கும் வந்து சேரும். விண்ட்ஷீல்டு சட்டம் நடுங்கும், ஸ்டீயரிங்கில் அந்த நடுக்கம் தெரியும், கதவு இடைவெளி பள்ளத்துக்குப் பள்ளம் மாறும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை உடலே வளைந்து செய்யத் தொடங்கும். அதனால் எந்த வழியை எடைபோட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: கூரை தாங்கிய சுமையை இனி எது தாங்கும்?

முழுக்க அறுப்பது

கிரைண்டரால் கூரையை வெட்டி இறக்குவது அரை நாள் வேலை. உழைப்பு முழுவதும் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. சமதளத்தில், தன் எடை தன் சக்கரங்களிலேயே நிற்கும்படி காரை நிறுத்த வேண்டும். கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்து, மூலைவிட்ட அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில்லைத் திறந்து உள்ளே கனமான தகடு வைத்து, முன் சஸ்பென்ஷன் சுவர் வரையும் பின்சக்கர வளைவு வரையும் அதை இணைக்க வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு செய்தால் சூட்டில் சில் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். அப்புறம் இருக்கைக்குப் பின்னால் குறுக்குப் பெட்டிச் சட்டம், விண்ட்ஷீல்டின் பக்கத் தூணான ஏ பில்லருக்குள் குழாய், தரைக்கு அடியில் எக்ஸ் வடிவத் தாங்கிகள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கூரையில் கைவைக்கலாம். கூரையை எடுத்தால் கார் லேசாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஒழுங்காகச் செய்த வேலையில் கார் பெரும்பாலும் கூபேயைவிடக் கனமாகவே வெளியே வரும்.

இதைவிடக் கடினம் துணி டாப். மடங்கும் சட்டத்தின் ஒவ்வொரு மூட்டும் இடமும் வலமும் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் மடங்க வேண்டும். மூடினால் கண்ணாடியின் விளிம்பில் ரப்பர் சீராக அமர வேண்டும். மடித்து வைக்க ஓர் இடம் வேண்டும். பல கூபேக்களில் அந்த இடத்தில் பின் சஸ்பென்ஷன் கோபுரமோ பெட்ரோல் டேங்கோ இருக்கும். வேறொரு கன்வெர்ட்டிபிளின் டாப் சட்டத்தை எடுத்துப் பொருத்துவது பழைய பழக்கம். அளவு கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும் என்று தொடங்கும் பல வேலைகள் இங்கேதான் பாதியில் நிற்கின்றன.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். புதிய கார்களில், மோதும்போது பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் திரை ஏர்பேக் கூரையின் பக்கச் சட்டத்துக்குள் மடிந்திருக்கிறது. அறுத்தால் அது போய்விடும். சீட் பெல்ட்டின் மேல் முனை முன்கதவுக்குப் பின்னால் நிற்கும் பி பில்லரில் இருந்தால் அதற்கு வேறு வலுவான இடம் வேண்டும். கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் எதுவும் இருக்காது. மெர்சிடிஸ் 1989-இல் எஸ்எல் என்ற திறந்த காரில், கவிழும்போது 0.3 விநாடியில் தானே எழும் ரோல் பார் என்ற காப்புச் சட்டத்தை வைத்தது இதற்காகத்தான். இருக்கைக்குப் பின்னால் நிலையான ரோல் பார் இல்லாமல் செய்யும் எந்த மாற்றத்தையும் நான் ஏற்க மாட்டேன். அழகு கெடுகிறது என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

விதிவிலக்கு உண்டு. தனிச் சேசிஸ் மேல் உடல் அமர்ந்திருக்கும் பழைய கார்களில் முறுக்கின் பெரும்பகுதியை அடியில் உள்ள சட்டமே தாங்கிவிடும். ட்ரையம்ஃப் ஜிடி6 நல்ல உதாரணம்: அது ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த காரின் கூபே வடிவம்தான். அங்கே கூரையை எடுப்பது அதன் மூலத்துக்கே திரும்புவது.

டி-டாப், டார்கா

டி-டாப்பில் விண்ட்ஷீல்டின் மேல்சட்டத்திலிருந்து பின்வளைவு வரை நடுவில் ஒரு பட்டை நிற்கும். இரு பக்கமும் கழற்றும் பலகைகள். 1968 கார்வெட் கூபே இப்படித்தான் வந்தது. டார்காவில் அந்தப் பட்டையும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் வளைவு மட்டும் நிற்கும். போர்ஷே 911 டார்கா 1965-இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது.

அந்த நடுப்பட்டை எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு 1984 கார்வெட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முதலில் டி-டாப்பாகத்தான் வரையப்பட்டது. பிறகு பட்டையை எடுத்து, ஒரே பலகையாகக் கழற்றலாம் என்று கடைசி நேரத்தில் முடிவானது. ஈடுகட்டக் கதவுக்குக் கீழே ஓடும் சட்டங்களை உயர்த்த வேண்டியிருந்தது. அந்தக் காருக்குள் ஏறுபவர் தாண்டும் உயரமான சில், எடுத்துவிட்ட அந்த ஒரு பட்டைக்குக் கொடுத்த விலை. 1986-இல் அதே கார் முழுக் கன்வெர்ட்டிபிளாக வந்தபோது அடியில் எக்ஸ் தாங்கியும் சேர்ந்தது. பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புக் கூடமே இவ்வளவு திண்டாடியிருக்கிறது என்றால், பட்டறையில் செய்பவர் நடுப்பட்டையை விட்டுவைப்பது நல்லது என்பேன்.

குறை, தண்ணீர். ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் ரப்பர், அதன் மூலைகளில் இணைப்பு, உடல் நெளியும்போது அந்த இணைப்பில் விரிசல். ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீரைப் பிடிக்க அடியில் வாய்க்காலும், அதை வெளியேற்றக் குழாயும் இல்லாத டி-டாப் சில மழைக்காலங்களில் தரையைத் துருவாக்கிவிடும்.

இந்த இரண்டில் எதற்கும் இறங்குமுன் கதவைத் திறந்து கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கதவு என்றால் வேலை பாதி எளிது. சட்டம் உள்ள கதவு என்றால், மேலே அது சாயும் பக்கச் சட்டத்தையே நீங்கள் வெட்டப்போகிறீர்கள். கதவையும் மாற்றியமைக்க வேண்டிவரும்.

மடங்கும் துணி சன்ரூஃப்

1957 ஃபியட் 500-லும் அதற்கு முந்தைய சிட்ரோயன் 2சிவியிலும் இருந்த ஏற்பாடு. கூரையின் நடுத்தகடு மட்டும் போகிறது. பக்கச் சட்டங்கள், பில்லர்கள், திரை ஏர்பேக், பெல்ட் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். தலைக்கு மேல் வானம் கிடைக்கும், தோளோரம் காற்று கிடைக்காது. பிடிக்காவிட்டால் தகடு வைத்து வெல்டு செய்து மூடவும் முடியும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாகத் திரும்ப முடியாது.

பிறப்பிலேயே திறந்த கார்

ஒரே காரில் பல வழிகளைப் பார்க்க ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் கூபே இருக்கிறது. 1983-இல் வந்த எக்ஸ்ஜே-எஸ்சி கதவுக்கு மேலான சட்டங்களை விட்டுவைத்து, நடுவில் கழற்றும் பலகைகளும் பின்னால் மடிக்கும் டாப்பும் கொண்டது. முழுக்கத் திறந்த கார் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால், 1986 முதல் அமெரிக்காவின் ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் நிறுவனம் கூபேக்களை அறுத்துக் கன்வெர்ட்டிபிள் ஆக்கியது. 1988-இல் ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தின் துணையோடு ஜாகுவாரே தகடுகளை மாற்றி வடிவமைத்துத் தன் கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. கார் உடல் கட்டுவதில் தேர்ந்த பட்டறை அறுத்த கார் கையில் இருந்தும், தயாரிப்பாளரே மறுபடி தொடங்கினார் என்பது எனக்குப் பெரிய செய்தி.

நீங்கள் விரும்பும் கூபேயின் வரிசையில் தொழிற்சாலைக் கன்வெர்ட்டிபிள் இருந்தால், அறுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கூபேயின் எஞ்சின்தான் பிடித்திருக்கிறது என்றால், கன்வெர்ட்டிபிள் உடல் ஒன்றை வாங்கி அதற்கு எஞ்சினையும் கியர் பாக்ஸையும் மாற்றுவது அறுப்பதைவிடச் சுத்தமான வேலை. சேசிஸ் எண் உடலோடு போகும் என்பதால், பதிவும் காப்பீடும் எப்படி மாறும் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மதிப்பு பற்றியும் ஒரு சொல். ஃபெராரி டேடோனாவில் தொழிற்சாலை செய்த ஸ்பைடர்கள், அதாவது திறந்த வடிவங்கள், சுமார் 120 மட்டுமே. கூபேக்கள் 1,200-க்கும் மேல். ஸ்பைடரின் விலையைப் பார்த்துப் பல கூபேக்கள் பின்னாளில் அறுக்கப்பட்டன. அவை அசல் ஸ்பைடரின் விலையைத் தொடவே இல்லை.

கார்பன் இழையால் தொட்டிபோல வார்த்த உடல் கொண்ட கார்களுக்கு இந்த விறைப்புக் கணக்கு பொருந்தாது. மெக்லாரன் 720எஸ் ஸ்பைடர் கூபேயைவிட 49 கிலோ மட்டுமே கூடுதல். முறுக்கைத் தாங்குவது கீழே உள்ள தொட்டி என்பதால் அதற்குத் தனி வலுவூட்டல் தேவைப்படவில்லை.

சரி, எனக்கு எது? அன்றாடம் ஓட்டும் மோனோகாக் கூபே என்றால் துணி சன்ரூஃப். சட்டமில்லாக் கதவும் நல்ல வெல்டரும் கிடைத்தால் நடுப்பட்டையோடு டி-டாப். முழுக்கத் திறந்த ஓட்டம்தான் ஆசை என்றால் காரை விற்றுவிட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 போலத் திறந்ததாகவே பிறந்த காரை வாங்குங்கள். தனிச் சேசிஸ் கார், அல்லது கூரை ஏற்கெனவே நசுங்கிய, திறந்த வடிவமே வராத, அரிதல்லாத கூபே: இந்த இரண்டுக்கு மட்டும் முழு அறுப்பு.

அப்படி அறுப்பது என்று முடிவானால், பட்டறைக்காரர் ஏற்கெனவே முடித்த ஒரு காரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, இரண்டு கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். கதவு பிடித்தாலோ, பூட்டு இடம் தவறி விழுந்தாலோ, உங்கள் காரை அங்கே விடாதீர்கள்.