8 ஜிபி வாங்கினால் 8 ஜிபி கிடைக்காது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். நோயாளிகளின் விவரம் என்பதால், ஏஎம்டி சிப்பின் எஸ்இவி-எஸ்என்பி என்ற மெமரிக் குறியாக்க வசதியுள்ள கான்ஃபிடென்ஷியல் விர்ச்சுவல் மெஷின் (உள்ளே இருப்பதை வெளியார் படிக்க முடியாத கிளவுட் கணினி) ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

பாதுகாப்பில் குறையில்லை. மெமரி குறியாக்கத்தில் இருக்கிறது. வாடகைக்கு விட்டவரே எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. சிக்கல் அளவில்தான். 8 ஜிபி மெமரி என்று விற்கிறார்கள், பூட் ஆனதுமே அதில் கிட்டத்தட்ட 490 எம்பி போய்விடுகிறது. டிஸ்க்கும் நெட்வொர்க்கும் குறியாக்கப்பட்ட மெமரியை நேரடியாகப் படிக்க முடியாது. அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற குறியாக்கப்படாத பொது இடத்தை மெமரியில் ஒதுக்கி, எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்துத்தான் அனுப்பும், வாங்கும். அந்த இடத்தின் அளவு மொத்த மெமரியில் 6 சதவீதம். குறைந்தது 64 எம்பி, அதிகபட்சம் 1 ஜிபி. பெரிய மெஷின்காரர்களுக்கு இது தூசு. எனக்கு உறைக்கிறது. ராத்திரி பேக்கப் ஓடும்போது இந்த நகலெடுப்பு வேலையும் சேர்ந்துகொள்கிறது.

சப்போர்ட்டில் கேட்டால் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்’ என்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

பூட் வேகம் பரவாயில்லை. இத்தகைய மெஷின் மெமரியைப் பயன்படுத்துமுன் அதை ஏற்க வேண்டும்; மொத்தமாக முதலிலேயே ஏற்காமல் தேவைப்படும்போது ஏற்கும் வசதி 2023இல் கெர்னல் 6.5இல் வந்தது, இவர்கள் தரும் இமேஜ் அதைவிடப் புதியது.

பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரியில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி அளவைக் குறைக்கலாம்தான். ரொம்பக் குறைத்தால் டிஸ்க் வேலை கூடும்போது இடம் நிறைந்துவிட்டதாகப் பிழை வரும். டேட்டாபேஸ் ஓட்டுபவர்கள் அதைத் தொடாமல் 16 ஜிபி திட்டமே எடுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் குறியாக்கத்துக்காக.