இரண்டு மணி நேரமும் ஒரு வழிகாட்டியும்: பொம்பெயியா, ஹெர்குலேனியமா?

இத்தாலியின் நேப்பிள்ஸில் ஓரிரு நாள் தங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அரைநாள்தான் இடிபாடுகளுக்கென்று மிஞ்சும். அந்த அரைநாளில் வழிகாட்டி ஒருவருடன் இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு பழைய ரோமானிய ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட முடியும். எந்த ஊரை என்பதுதான் கேள்வி. பொம்பெயியின் பெயர் எல்லோரும் கேள்விப்பட்டது என்பதால் பலர் யோசிக்காமல் அங்கே போய்விடுகிறார்கள். பொம்பெயியைப் புதைத்த அதே எரிமலை வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம், நேப்பிள்ஸிலிருந்து அதே ரயில் பாதையில் பொம்பெயிக்கு முன்பே வருகிறது. ஆனாலும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் குறைவு. இரண்டு ஊர்களையும் வழிகாட்டியுடன் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான் என்றால் ஹெர்குலேனியத்துக்குப் போவதே நல்லது. ஆனால் பொம்பெயியிடம் மட்டுமே இருக்கிற சில விஷயங்களும் உண்டு. அவற்றையே தேடிப் போகிறவருக்கு இந்த முடிவு பொருந்தாது.

கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது எழுந்த புகைமண்டலத்தைக் காற்று தென்கிழக்கே தள்ளியது. அதனால் அந்தத் திசையில் இருந்த பொம்பெயியின் மீது மணிக்கணக்கில் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. மலைக்கு மேற்கே, கடலோரத்தில் இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் பகலில் பெரிதாக எதுவும் விழவில்லை. இரவில்தான் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பெருவெள்ளம் சரிவில் இறங்கி அந்த ஊரைப் பிடித்தது. அடுத்தடுத்து வந்த அலைகள் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்துக்குப் படிந்து, காலப்போக்கில் இறுகிப் பாறையாகிவிட்டன.

இன்று நாம் காணும் மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து வந்தவையே. பொம்பெயியை மூடியது நான்கு முதல் ஆறு மீட்டர் வரையான தளர்ந்த படிவு, மண்வெட்டியால் அள்ளிவிடலாம். ஆகவே 1748இல் தொடங்கிய அகழ்வு, 66 ஹெக்டேர் பரப்புள்ள ஊரில் ஏறக்குறைய 44 ஹெக்டேரை வெளியே கொண்டுவந்துவிட்டது. ஹெர்குலேனியத்தில் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1738இல், தோண்டத் தொடங்கினாலும், பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டிச் சிலைகளை எடுத்துச் செல்வதாகவே அந்த வேலை நெடுங்காலம் நடந்தது. 1927இல் தொல்லியலாளர் அமெதேயோ மையூரி பெரிய அளவில் திறந்தவெளி அகழ்வைத் தொடங்கிய பிறகுதான் தெருக்கள் வெயிலைப் பார்த்தன. ஊரின் பெரும்பகுதி இன்றைய எர்கோலானோ நகரத்தின் அடியில் கிடப்பதால், பார்வைக்குத் திறந்திருப்பது நான்கரை ஹெக்டேர் அளவுக்குத்தான். ஆனால் காற்றுப் புகாமல் மூடிய அந்த வெப்பம், மரத்தைச் சாம்பலாக்காமல் கரியாக்கி நிறுத்திவிட்டது. அதனால் கதவு, உத்தரம், கட்டில், குழந்தைத் தொட்டில், மேல்மாடியின் சுவர்கள் ஆகியவை பொம்பெயியில் பெரும்பாலும் அழிந்துபோக, இங்கே நின்றன.

பொம்பெயியில் இரண்டு மணி நேரச் சுற்று ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். மெரினா வாயில் வழியாக ஏறி, நீதிமன்றக் கட்டடத்தைத் தாண்டி, வெசுவியஸ் பின்னணியில் நிற்கும் ஊர்ப் பொதுச் சதுக்கமான மன்றத்துக்கு வந்து, பொதுக் குளியலறை, ஒரு பெரிய வீடு, ஒரு ரொட்டிக்கடை, பரத்தையர் விடுதி, நேரம் இருந்தால் நாடக அரங்கு என்று முடித்துவிடுவார்கள். எல்லாமே ஊரின் மேற்குப் பாதியில் இருப்பவை. கி.மு. 70 வாக்கில் கட்டப்பட்டு, இன்று எஞ்சியுள்ள கல் வட்டரங்குகளில் மிகப் பழையதாகக் கருதப்படும் அரங்கம் கிழக்கு மூலையில் இருக்கிறது. கி.பி. 59இல் பொம்பெயிக்காரர்களும் பக்கத்து நுகேரியா ஊர்க்காரர்களும் வெட்டிக்கொண்டு மாய்ந்ததும், அதன் விளைவாகப் பத்தாண்டுகள் விளையாட்டுகளுக்குத் தடை விழுந்ததும் அங்கேதான். குறுஞ்சுற்று பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. தப்பி ஓடும்போது விழுந்த 13 பேரின் வார்ப்புகள் (சாம்பலில் உடல் விட்டுப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த உருவங்கள்) கிடக்கும் தோட்டமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்காகப் பொம்பெயியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தெருமுனையில் வழிகாட்டி எங்களை நிறுத்திக் காட்டியதை இன்னும் மறக்கவில்லை. தெருவின் குறுக்கே மூன்று பெரிய கற்கள், பாதசாரிகள் கால் நனையாமல் கடப்பதற்காக, நடைமேடை உயரத்துக்கு நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. தெருநீரூற்றுகளில் வழிந்த நீர் தெருவோடுதான் ஓடியது. கற்களின் இடைவெளியில் வண்டிச்சக்கரங்கள் உரசி உரசி, எரிமலைக் கல்லில் விரல் புதையும் ஆழத்துக்குத் தடம் வெட்டியிருக்கிறது. பத்தடி தள்ளி நீரூற்றுத் தொட்டி. தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் காலங்காலமாகக் கை ஊன்றிய இடத்தில் விளிம்பு வழவழவென்று உள்வாங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என் உள்ளங்கையை வைத்தபோது அது அளவெடுத்தாற்போல் பொருந்தியது. நானாகப் போயிருந்தால் அதைக் கவனிக்காமலே கடந்திருப்பேன்.

ரொட்டிக்கடையும் அப்படித்தான். இடுப்பு ஒடுங்கிய எரிமலைக்கல் திரிகைகள் வரிசையாக நிற்க, அவற்றைச் சுற்றிக் கழுதைகள் செக்குமாடு போல நடந்த வட்டமும், பக்கத்தில் செங்கல் அடுப்பும் தெரிகின்றன. இத்தகைய கடைகள் ஊரில் முப்பதுக்கும் மேல் இருந்தன. அவற்றுள் ஒன்றின் அடுப்பில், வெடிப்பன்று வைத்த 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்ததை 1862இல் எடுத்தார்கள்.

பொம்பெயியின் உண்மையான பலம் அது ஒரு முழு ஊர் என்பதில் இருக்கிறது. மன்றம், கோயில்கள், சந்தை, இரண்டு நாடக அரங்குகள், வட்டரங்கம், சுவர்களில் ஆயிரக்கணக்கில் தீட்டிய தேர்தல் விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்து, ஓர் ஊர் தன்னை எப்படி ஆண்டுகொண்டது என்பதைக் காட்டுகின்றன. ஹெர்குலேனியத்தில் இந்தப் பொதுவாழ்வு மிகக் குறைவாகவே தெரியும். அதன் நாடக அரங்கு இன்றும் பாறைக்குள்தான் இருக்கிறது. ரோமானிய அரசியலையும் பொதுக் கட்டடங்களையும் பார்ப்பதே நோக்கமானால் பொம்பெயிக்கு ஈடு கிடையாது. ஆனால் அதற்கு இரண்டு மணி நேரம் போதாது. வெயில் தாழ்ந்த பருவத்தில் ஒரு முழு நாளையே ஒதுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வழிகாட்டி செய்யக்கூடியதெல்லாம், ஒரு பெரிய புத்தகத்தின் பொருளடக்கத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டுவது மட்டுமே.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து பொம்பெயிக்குள் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரையும் அச்சிடுகிறார்கள். அந்த வரம்பே அங்குள்ள நெரிசலைச் சொல்லிவிடும். முன்பதிவு செய்து நான் சேர்ந்த குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். காதில் கருவி இருந்ததால் வழிகாட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது, ஆனால் அவர் விளக்கும் பொருளை நான் நெருங்குவதற்குள் அவர் அடுத்த வாசலுக்குப் போயிருந்தார். பரத்தையர் விடுதியின் குறுகிய நடையில் வரிசையாக உள்ளே போய் வரிசையாகவே வெளியே வந்தோம்.

ஹெர்குலேனியத்தில் நுழைவதே வேறு அனுபவம். ஸ்டேஷனிலிருந்து கடலை நோக்கிப் பத்து நிமிடம் இறங்கி நடந்தால், தெரு முடியும் இடத்தில் ஊர் ஒரு பெரும் பள்ளத்துக்குள் கிடப்பது மேலிருந்தே தெரியும். அதன் விளிம்பில் இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கொடியில் காயும் துணிகளும். கீழே ஓட்டுக்கூரையோடும் மாடியோடும் நிற்கும் ரோமானிய வீடுகள். எவ்வளவு ஆழத்தில் அது புதைந்தது என்பதை விளக்க வழிகாட்டிக்கு ஒரு சொல்லும் தேவைப்படாது.

இறங்கிய பிறகு நடை குறைவு, நிற்பது அதிகம். மரத்தட்டி வீடு என்று அழைக்கப்படும் வீட்டில், முன்கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே மடித்துத் திறக்கும் மரக்கதவுத் தட்டி அதே இடத்தில் நிற்கிறது. கன்னங்கரேலென்று கரியாகியிருந்தாலும் சட்டங்களின் இணைப்புகள், கதவுப் பலகையின் விளிம்புகள், விளக்கு மாட்டுவதற்காகக் கப்பலின் முன்மூக்கு வடிவில் செய்த வெண்கலக் கொக்கிகள் ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன. நடுப்பகுதி மட்டும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சுரங்கம் வெட்டியவர்கள் அதன் ஊடாகவே குடைந்து போய்விட்டார்கள். எங்கள் வழிகாட்டி அந்தத் தட்டியின் முன் கால்மணி நேரம் நிறுத்தி, வீட்டுக்காரர் யாருக்கு அதைத் திறந்திருப்பார், யாருக்கு மூடியிருப்பார், காலையில் உதவி கேட்டு வரும் சார்ந்தோர் எந்த இடம்வரை வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே நாங்கள் ஏழே பேர். யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை.

நெப்டியூன் வீட்டின் உட்புறச் சுவரில் கண்ணாடித் துண்டுகளால் பதித்த நீலமும் பச்சையுமான சித்திரம் இன்னும் மங்கவில்லை. ஆனால் அதைவிட என்னைக் கட்டிப்போட்டது, அதே கட்டடத்தின் தெருப்பக்கம் இருந்த கடை. மது நிரப்பிய கூர்முனைச் சாடிகளைப் படுக்க வைக்கும் மரச்சட்டம் அப்படியே சுவரோரம் நிற்கிறது. செல்வரின் வீட்டையும் சில்லறைக் கடையையும் ஒரே சுவர்தான் பிரிக்கிறது. பொம்பெயியில் கடையின் கல் மேடை மட்டும் எஞ்சும். இங்கே கடையில் சரக்கு எப்படி அடுக்கியிருந்தது என்பதே தெரிகிறது.

இனி வழிகாட்டியைப் பற்றி. வழிகாட்டி இல்லாமல் போனால் பொம்பெயியில் தொலைந்துவிடுவோம் என்பது உண்மை. எந்த வீடு இன்று திறந்திருக்கிறது, எது மராமத்துக்காக மூடியிருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. ஹெர்குலேனியத்தில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றிவிடலாம். எனவே வழிகாட்டியின் தேவை பொம்பெயியில்தான் அதிகம். ஆனால் அவருக்குக் கொடுக்கும் பணத்தின் பலன் ஹெர்குலேனியத்தில்தான் அதிகம். அங்கே அவர் வழிகாட்டுவதில் நேரத்தைச் செலவிடாமல் விளக்குவதில் செலவிடுகிறார். இரண்டு இடத்திலும் உரிமம் பெற்றவராக இருக்கிறாரா என்பதை அவர் வைத்திருக்கும் அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

அவருடைய தரத்தை அறிய எனக்கு இரண்டு கேள்விகள் உதவுகின்றன. வெடிப்பு எந்த மாதத்தில் நடந்தது என்பது முதலாவது. ஆகஸ்ட் 24 என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார். 2018இல் பொம்பெயியின் ஒரு சுவரில் கண்டெடுத்த, அக்டோபர் 17ஐக் குறிக்கும் கரிக்கட்டை எழுத்தைப் பற்றியும் சொல்கிறவர் தொடர்ந்து படிக்கிறவர். இரண்டாவது, பொம்பெயியின் பொன்வளையல் வீட்டில் கிடைத்த வார்ப்புகள் யாருடையவை என்பது. மடியில் குழந்தையுடன் தாய் என்றுதான் நெடுங்காலம் கதை சொல்லப்பட்டது; அந்தப் பெரியவர் குழந்தைக்கு உறவில்லாத ஓர் ஆண் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிவிட்டது. அந்தக் கதை போய்விட்டதே என்று வருந்தாமல், புதிதாகத் தெரிந்ததை ஆர்வத்தோடு சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் அவரைப் பின்தொடரலாம்.

நம்மவர்கள் கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: இந்த ஊர்களின் கதைக்கும் நம் நாட்டுக்கும் என்ன தொடர்பு? மிசேனம் துறையில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவராக இருந்த மூத்த பிளினி, இந்த வெடிப்பில் சிக்கியவர்களைக் காப்பாற்றக் கப்பல்களைச் செலுத்திச் சென்று ஸ்டாபியே கரையில் இறந்தார். முசிறித் துறையையும், மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியனையும், ரோமாபுரியில் மிளகு விற்ற விலையையும் தம் நூலில் குறித்து வைத்தவர் அவரே. பொம்பெயியின் ஒரு வீட்டில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் இன்று நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தென்னாட்டுப் படைப்பு என்று சொல்ல ஆதாரமில்லை. இரண்டு ஊர்களிலும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் பெயர்த்தெடுத்த சிறந்த பொருள்கள் பலவும் அந்த அருங்காட்சியகத்தில்தான் உள்ளன என்பதால், மிஞ்சும் அரைநாளை அதற்கே கொடுக்கலாம்.

ரோம் நகரை விட்டு வெளியே வர நேரமில்லாதவர்களுக்கு ஓஸ்தியா அந்திக்கா இருக்கிறது. ரோமின் பழைய துறைமுகமான அது எரிமலையால் புதையவில்லை, மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. செங்கல் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் வணிகர் சங்கங்களின் கல்பதிப்புத் தரைகளையும் மர நிழலில் அமைதியாகப் பார்க்கலாம். நல்ல இடம்தான். ஆனால் இந்த இரண்டு ஊர்களின் நெருக்கம் அதில் இல்லை.

நடைமுறையில் சில: பொம்பெயியில் நிழல் அரிது, தெருக்கல் வழுக்கும், பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு இடத்திலும் நுழைவு இலவசம். அதனாலேயே அன்று பொம்பெயியைத் தவிர்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் தயங்காமல் ஹெர்குலேனியத்தைச் சொல்வேன்.

அங்கே போனால், சுற்றைப் பழைய கடற்கரையில் முடிக்கும்படி வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேளுங்கள். பல ஆண்டு வேலைக்குப் பிறகு 2024இல் அந்தக் கரையை மீண்டும் திறந்திருக்கிறார்கள். ஊரில் எலும்புக்கூடுகள் அதிகம் கிடைக்காததால் மக்கள் தப்பிவிட்டார்கள் என்றே 1980 வரை நம்பினார்கள். பிறகு கரையோரப் படகுக் கொட்டகைகளைத் தோண்டியபோது, கடல்வழியே மீட்பு வரும் என்று காத்திருந்த ஏறக்குறைய 300 பேர் அங்கே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். கொட்டகை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், கடல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் எரிமலைப் பாறை சுவர்போல் எழுந்து நிற்கிறது; இன்றைய கடலோ அதற்கு அப்பால் அரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. எங்கள் வழிகாட்டி அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, வேண்டிய மட்டும் நின்று பார்த்துவிட்டு மேலே வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.